ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள்

அந்தப் பேப்பரை மடிச்சு உள்ள வச்சிடுங்க மேடம். ஆமா, படத்துல இருக்கறது நான்தான். நடனசபாபதி. அந்த வெள்ளைச் சட்டையை இப்பல்லாம் போடறதில்ல. உட்காருங்க. ஃபேன் சத்தம் போடும், ஆனா காத்து வரும்.

பேங்க்ல மாற்றலாகி வந்திருக்கேன், பறவை பார்க்கற பழக்கம் உண்டு, ஞாயித்துக்கிழமை உங்களோட கடற்கரைக்கு வரலாமான்னு கேட்டீங்க. நான் இப்பப் போறதில்ல மேடம். போனாலும் நான் எழுதறதை யாரும் எடுத்துக்கமாட்டாங்க. போன மாசம் இப்படித்தான் ஒருத்தர் வந்தாரு. முட்டி வலின்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்களையும் அப்படியே அனுப்பிடலாம்னுதான் எழுந்து வந்தேன். நீங்க என்னடான்னா இந்த வெயில்ல பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கீங்க. முட்டி நல்லாத்தான் இருக்கு மேடம்.

நான் கெட்டவன் இல்ல. அதை மொதல்ல சொல்லிடறேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸ்ல இருந்தேன். என் ரிஜிஸ்டர்ல ஒரு அடித்தல் இருக்காது. ரிட்டயர் ஆன வருஷம் மெட்ராஸ்லேருந்து நாலு பேர் வந்தாங்க. கரையோரம் ஊருக்கு ஒரு ஆள் வேணும், ஞாயித்துக்கிழமை காலையில நடந்து போய் என்னென்ன பறவை, எத்தனை, ஆமை வந்துதா, டால்பின் தெரிஞ்சுதா, எதாவது செத்து ஒதுங்கிச்சா, எல்லாத்தையும் எழுதி போன்ல அனுப்பணும்னாங்க. தேதி, இடம், எது, எத்தனை, பார்த்தவர் யாருன்னு அஞ்சு கட்டம். எனக்குன்னே செஞ்ச வேலைன்னு நினைச்சேன். பறவை எனக்குத் தெரியாது. கட்டம் தெரியும். பறவையைப் பின்னாடி கத்துக்கிட்டேன்.

இங்கேருந்து கிழக்கே போனா உப்பனாறு. அதுக்கு அந்தாண்ட ஒரு மணல்திட்டு, அதைத் தாண்டினா கடல். சித்திரை வைகாசியில அந்தத் திட்டுல சின்ன ஆலான்னு ஒரு கடல் பறவை வந்து முட்டை வைக்கும். கூடெல்லாம் கிடையாது மேடம். வெறும் மணல்ல ஒரு குழி, அதுல ரெண்டு முட்டை, மணல் நிறத்துலயே இருக்கும். பார்த்து நடக்கலன்னா மிதிச்சிடுவோம். நாம போனா நம்ம தலைக்கு மேல வந்து கத்தும். தண்ணி வத்தின நேரம் இடுப்பளவு ஆத்துல இறங்கிப் போய் எண்ணிட்டு வருவேன். ஒரு தடவை பறவை நூத்தி நாப்பத்தாறு. நான் எண்ணினது. அந்த எண்ணைக் கண்டிப்பா நான்தான் எண்ணினேன்.

அப்புறம் பச்சையம்மா. உங்க பேப்பர்ல அது பேர் இருக்காது. இருளர் தெரு. ஆத்துல இறால் தடவுற பொம்பளை. வலை கிடையாது, வெறும் கை. ஓலையில முடைஞ்ச பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, தண்ணிக்குள்ள கையை விட்டுத் தடவித் தடவிப் பிடிக்கும். விடிஞ்சதுலேருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணியிலயே இருக்கும். அதுக்குத் தெரியாம அந்த ஆத்துல ஒண்ணும் நடக்காது. எனக்குத்தான் வந்து சொல்லும். "சார், முகத்துவாரத்துல டால்பின் மூணு நின்னுது, ஒண்ணு குட்டி." "சார், கருப்பா பெருசா ஒரு பறவை, காலு சிவப்பு, இதுவரைக்கும் நான் பார்த்ததில்ல." நான் எழுதிக்குவேன். வாசல்லதான் நிக்கும். உள்ள வான்னாலும் வராது. நான் கூப்பிட்டதில்ல, அது வேற விஷயம். டீ குடுப்போம், அதுக்குன்னு ஒரு டம்ளர் இருந்துது. நல்லா மரியாதையாத்தான் நடத்தினோம்.

ஒரு நாள் கையை நீட்டிக்கிட்டு வந்து நின்னுது. முழங்கைக்குக் கீழ ரத்தக் கோடு. என்னடி இதுன்னேன். அந்து போன வலையில ஆமை ஒண்ணு மாட்டியிருக்கு, இது கத்தியால அறுத்து விட்டிருக்கு. துடுப்புல ஒரு தகடு, அதுல எழுத்து. இதுக்குப் படிக்கத் தெரியாது. ஆமையை ஒரு கையால அமுக்கிக்கிட்டு, மட்டி ஓட்டால தன் கையிலயே அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கீறிக்கிட்டு வந்திருக்கு. எட்டு எழுத்து. ஒண்ணு கூடத் தப்பில்ல. மெட்ராஸ்காரங்க தேடிப் பார்த்துட்டு, ஒரிசாவுல பதினோரு வருஷத்துக்கு முன்ன மாட்டின தகடுன்னு சொன்னாங்க. அந்தச் செய்திக்காகத்தான் பேப்பர்காரன் வந்தான், என்னைப் படம் எடுத்தான்.

பார்த்தவர்ங்கற கட்டத்துல என் பேர்தான் இருந்துது. போன் என்னுது, அதுல உள்ள பேரே வரும். மாத்தலாம். மாத்த ஒரு இடம் இருக்கு. நான் மாத்தல.

சரி, நான் சொல்ல வந்தது அது இல்ல.

போன வருஷத்துக்கு முந்தின சித்திரை. ஞாயித்துக்கிழமை. ஆத்துல இறங்கிப் பாதி தூரம் போயிட்டேன். காலடியில மணல் இல்ல. மழையில பள்ளம் விழுந்திருக்கு, எனக்குத் தெரியல. முங்கிட்டேன். தண்ணி குடிச்சேன். எந்தப் பக்கம் மேலேன்னு தெரியல மேடம். கண்ணைத் திறந்தா எல்லாம் மஞ்சளா இருக்கு. சட்டைக் காலரைப் பிடிச்சு யாரோ இழுத்தாங்க. பச்சையம்மாதான். பறியை வாயிலேருந்து விடாமலே ஒரு கையால கரைக்கு இழுத்துட்டு வந்து போட்டுது. கூட இருந்த ரெண்டு பொம்பளைங்க சிரிச்சாங்க. கேலியா இல்ல, பிழைச்சிட்டாரேன்னுதான் சிரிச்சாங்க. எனக்கு அப்ப அப்படித் தோணல.

வீட்டுல குளத்துப் படியில வழுக்கிட்டுதுன்னு சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கரைக்குப் போனேன். தண்ணியில கால் வைக்க முடியல. கணுக்கால் நனைஞ்சதும் திரும்பிக் கரையேறிட்டேன். எட்டு மணி வரைக்கும் அங்கேயே நின்னேன். திரும்பி வந்து நோட்டைத் திறந்தேன். போன வருஷம் அதே வாரம் நூத்தி நாப்பத்தாறு. இந்த வாரம் நூத்தி ஐம்பத்திரண்டுன்னு எழுதினேன். அதே எண்ணைப் போட்டா சந்தேகம் வரும் இல்லையா.

இந்த ஒரு வாரம்தான்னு நினைச்சேன். அடுத்த வாரம் நூத்தி நாப்பத்தெட்டு. அதுக்கடுத்த வாரம் குஞ்சு இருபத்தொண்ணுன்னு சேர்த்தேன். ஒன்பது ஞாயித்துக்கிழமை மேடம். பயமா இருக்கு, வேற யாரையாவது அனுப்புங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். பேப்பர்ல படம் வந்த ஆளு அந்த வரியை எப்படி எழுதறது?

அஞ்சாவது வாரம் பச்சையம்மா வாசல்ல வந்து நின்னுது.

"சார், திட்டுல குருவிங்க இல்ல."

"என்ன சொல்ற?"

"நாய் பூந்துட்டுது சார். மீன் கழிவை இந்தாண்டக் கரையில கொட்டறாங்க இல்ல, அதுக்கு வந்த நாய்ங்க தண்ணி வத்தினா அந்தாண்ட போயிடுது. முட்டை ஓடுதான் கிடக்குது. இன்னும் பத்து இருபது குருவி சுத்துது. நாயை விரட்டினா அதாவது மிஞ்சும்."

"நான் ஞாயித்துக்கிழமை போய் எண்ணினேனே. நூத்தி நாப்பத்தெட்டு இருந்துது."

அது என்னைப் பார்த்துது. தினம் அந்த ஆத்துலயே கிடக்கற பொம்பளை. நான் இறங்கினேனா இல்லையான்னு அதுக்குத் தெரியாதா? நீங்க வரவே இல்லையே சார்னு ஒரு வார்த்தை சொல்லல. "சரிங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டுது. டீயைக் குடிக்கல.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பாடா, விட்டுதுன்னு நினைச்சேன்.

விடல. பத்து நாள் கழிச்சு நூலகக் கட்டடத்துல கரையோரப் பறவைங்களைப் பத்தி ஒரு கூட்டம். வனத்துறை ரேஞ்சர் வந்திருந்தாரு. நான் முன்வரிசை. ஒரு ஐம்பது பேர் இருப்பாங்க. பின்னாடி கதவுக்கிட்ட பச்சையம்மா நின்னுது. அதுவரைக்கும் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்ல. தலைக்கு எண்ணெய் வச்சு, நல்ல புடவை கட்டிக்கிட்டு வந்திருந்துது. ரேஞ்சர் வேற யாராவது பேசறீங்களான்னு கேட்டதும் கையைத் தூக்குச்சு.

"ஐயா, ஆலா எல்லாத்தையும் நாய் தின்னுடுச்சுங்க. இப்ப யாராவது வந்தீங்கன்னா கொஞ்சம் மிச்சம் இருக்குது."

ரேஞ்சர் என் பக்கம் திரும்பினாரு. "என்ன சார், நீங்க நூத்தி ஐம்பது சொல்றீங்க?"

நான் எழுந்தேன். நோட்டைப் பிரிச்சுக் காமிச்சேன். தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, எல்லாம் இருக்கு. என் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். அதோட விட்டிருக்கலாம். ரேஞ்சருக்கு அதுவே போதும். நான் பின்னாடி திரும்பி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "ஏன் பச்சை, உனக்கு எது வரைக்கும் எண்ணத் தெரியும்? நூறு வரைக்கும் சொல்லு பார்ப்போம்"னேன்.

சிரிச்சாங்க மேடம். ரேஞ்சரும் சிரிச்சாரு.

அது அப்படியே நின்னுது. எண்ண ஆரம்பிக்கப் போவுதோன்னு எனக்குத் தோணுச்சு. வாய் லேசா அசைஞ்சுது. அப்புறம் முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு வெளியில போயிட்டுது.

தண்ணி கொஞ்சம் எடுத்துக்கறீங்களா? எனக்குத்தான் வேணும். இருங்க.

என் உசுரைக் காப்பாத்தி முழுசா ரெண்டு மாசம் ஆகல அப்ப.

அதுக்கப்புறம் மூணு வாரத்துல மெட்ராஸ்லேருந்து ஒரு அம்மாவும் இன்னொருத்தரும் வந்துட்டாங்க. இந்தக் கரையிலயே என் எண்ணிக்கைதான் அதிகமாம், பார்க்கணுமாம். படகு ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்காங்க. ரேஞ்சரும் கூட. நான் என்ன சொல்றது? படகுல ஏறினேன். கட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திட்டுல இறங்கினோம். தலைக்கு மேல கத்தறதுக்கு ஒரு பறவை இல்ல. ஓடு கிடந்துது. இறகு கிடந்துது. அந்த அம்மா குனிஞ்சு ஒரு ஓட்டை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, "போன ஞாயிறு எத்தனை சார் சொன்னீங்க?"ன்னாங்க.

பக்கத்துல தண்ணியில பச்சையம்மா இறால் தடவிக்கிட்டு இருந்துது. அந்த அம்மா அதைக் கூப்பிட்டு, "இங்க இருந்த பறவைங்க எங்கம்மா?"ன்னு கேட்டாங்க.

பச்சையம்மா பறியை வாயிலேருந்து எடுத்துது. என்னைப் பார்த்துது. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஒரு வகையில நல்லதுன்னு கூட நினைச்சேன்.

"நாலு நாளைக்கு முன்ன கடல் ஏறிச்சுங்க. அலை எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டுது."

"ஆமா"ன்னேன் நான். கேட்டீங்களா மேடம்? யாரும் என்னைக் கேக்கல. நானா சொன்னேன். "ஆமா, அன்னைக்கு ஏத்தம் ஜாஸ்தி."

அலையால அழிவுன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. ரேஞ்சர் என் தோள்ல தட்டிட்டுப் போனாரு.

சாயங்காலம் பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். ஆறு வருஷப் பழக்கத்துல அன்னைக்குத்தான் மொதல் தடவை அந்தத் தெருவுக்குள்ள போறேன். இறாலை அலசிக்கிட்டு இருந்துது. கையெடுத்துக் கும்பிட்டேன். "எனக்காக இவ்ளோ பெரிய பொய்யைச் சொன்னியே பச்சை"ன்னேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டுது.

அது நிமிர்ந்து கூடப் பார்க்கல. "உங்களுக்காகச் சொல்லல சார்"னுது.

"பின்ன?"

"உங்க நோட்டு பொய்யின்னு ஆயிட்டா, அதுல நான் சொன்னதெல்லாம் இருக்குதே. அதுவும் பொய்யின்னு ஆயிடும். நான் பார்த்தது எழுத்துல இருக்கற இடம் அது ஒண்ணுதான்."

நான் அங்கேயே நின்னேன். அது இறாலை அலசி முடிச்சுட்டு உள்ள போயிட்டுது.

சரி, அதோட போச்சுன்னு இருந்துட்டேன். ஒரு வருஷம் இருந்தேன். போன சித்திரையில எட்டு ஜோடி ஆலா திரும்ப வந்துது. பச்சையம்மா வந்து சொல்லுச்சு. வாசல்ல இல்ல, ரோட்டுல நின்னு சொல்லுச்சு. "நாய் பார்த்துடுச்சு சார். இந்த வாட்டியாவது நாயைப் பத்தி எழுதுங்க."

எழுதினேன் மேடம். அன்னைக்கே எழுதினேன். ரேஞ்சருக்குப் போன் கூடப் பண்ணினேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? "சார், போன வருஷம் அலைதானே அடிச்சுட்டுப் போச்சு, நீங்களே இருந்தீங்களே. தாழ்வான திட்டு. வேலி போட்டா மட்டும் என்ன, கடல் எடுத்துட்டுப் போயிடும். அதுக்கெல்லாம் ஆள் இல்ல."

என் பொய்யே வந்து குறுக்க நிக்குது. எட்டு ஜோடி. நாள் ஆக ஆக முட்டை போவுது. பச்சையம்மா தினம் கல்லை எடுத்து நாயை விரட்டிக்கிட்டு இருக்கு. நாள் பூரா நாயை விரட்டினா அது இறால் பிடிக்கறது எப்ப?

நாலாம் நாள் காலையில உட்கார்ந்து எழுதினேன். பதிவு அனுப்பற எங்க போன் குழுவுல இருக்கற முந்நூறு பேருக்கும் தெரியற மாதிரி. ஒன்பது தேதியையும் போட்டு, இந்த ஒன்பது நாளும் நான் ஆத்தைத் தாண்டவே இல்ல, எண்ணெல்லாம் நானா போட்டது, அழிச்சது அலை இல்ல, நாய், அலைன்னு சொல்ல வச்சது நான்னு எழுதினேன். கூட்டத்துல பச்சையம்மாவைக் கேட்டதையும் எழுதினேன். அனுப்பற பட்டனை அமுக்கினதும் மனசு லேசா ஆயிட்டுது. சிவகாமிகிட்ட, என் வீட்டுக்காரிகிட்ட, காப்பி போடச் சொன்னேன். ஏதோ பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி இருந்துது.

பலன் இருந்துது, இல்லன்னு சொல்லல. மூணாம் நாள் ஆள் வந்தாங்க. முள்வேலி போட்டாங்க. மீன் கழிவுக்குக் குழி வெட்டினாங்க. அஞ்சு ஜோடி குஞ்சு பொரிச்சுது.

ஆனா பச்சையம்மா சொன்னதை நான் மறந்துட்டேன். மறந்துட்டேனா, நினைக்க வேண்டாம்னு இருந்துட்டேனான்னு இப்பவும் எனக்குத் தெரியல.

மெட்ராஸ்லேருந்து கடிதம் வந்துது. ரொம்பத் தன்மையா எழுதியிருந்தாங்க. ஒருத்தர் வேணும்னே பொய்யா எழுதினா அவர் பேர்ல உள்ள பதிவு எல்லாத்தையும் எடுத்துடறது அவங்க விதியாம். ஏழு வருஷம். ஆயிரத்துச் சொச்சம் பதிவு. எல்லாம் போச்சு.

நான் போன் பண்ணிக் கெஞ்சினேன். அதுல பாதிக்கு மேல நான் பார்த்ததில்லம்மா, ஒரு பொம்பளை பார்த்தது, அத்தனையும் நெசம்னேன். அந்த அம்மா கேட்டாங்க, "எது எது அவங்க பார்த்தது சார்?" நோட்டை எடுத்து வச்சு ரெண்டு நாள் குறிச்சேன். டால்பின் பூரா அது. ஆமை பூரா அது. கடைசியில என்னுதுன்னு சொல்ல அந்த ஆலா எண்ணிக்கையும் நாலஞ்சு கொக்கும்தான் நின்னுது. அனுப்பினேன். "எல்லாத்துலயும் பார்த்தவர் நீங்கன்னு இருக்கே சார். நீங்க இப்ப சொல்றதை நாங்க எதை வச்சு நம்பறது?"ன்னாங்க. கோபமா கேக்கல. தெரியாமத்தான் கேட்டாங்க.

பச்சையம்மாகிட்ட நானே போய்ச் சொன்னேன். வேற யாராவது சொல்லித் தெரியறதுக்கு முன்னாடி. ஆத்தங்கரையில சொன்னேன்.

"ஆமையும் போச்சா சார்?"

"போச்சு."

கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கிட்டு இருந்துது. அந்தத் தழும்பு ஒண்ணும் இப்பத் தெரியாது. "குருவி நிக்குது இல்ல, சரி"ன்னு சொல்லிட்டுத் தண்ணியில இறங்கிட்டுது. திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுக் கேட்டிருக்கலாம். இந்த ஒரு வருஷமா இந்தத் தெரு வழியா அது போறதில்ல. சுத்திக்கிட்டு பள்ளிக்கூடத்துப் பக்கமாப் போவுது. எனக்காக ஒரு மைல் கூட நடக்குது மேடம்.

இந்த வருஷம் பத்தொன்பது ஜோடின்னு ரேஞ்சர் சொன்னாரு. யார் எண்ணினதுன்னு கேட்டேன். பச்சையம்மா எண்ணிச் சொல்லுதாம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு மட்டி ஓட்டைப் பறியில போட்டுக்கிட்டு வந்து கரையில கொட்டிக் காட்டுதாம். ஆனா எழுத ஆள் இல்லையாம். போன் இல்ல, எழுத்து இல்ல. ரேஞ்சர் ஒரு தடவை சபாபதி சாரையே எழுதச் சொல்லவான்னு கேட்டிருக்காரு. வேண்டாங்கன்னு சொல்லிட்டுதாம். நியாயம்தான்.

அதான் உங்ககிட்ட முட்டி வலின்னு சொல்லல. பேங்க்ல வேலை பார்க்கறீங்க, சுத்தமா எழுதுவீங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு ஆத்தங்கரைக்குப் போங்க. பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை நிக்கும், சிவப்பு மூக்குத்தி. அதுக்கு இஷ்டம் இருந்தா எழுதிக் குடுங்க. பார்த்தவர்ங்கற இடத்துல உங்க பேர்தான் தானா வந்து நிக்கும். வலது பக்கம் சின்னதா ஒரு பென்சில் படம் இருக்கும், அதை அமுக்கினா மாத்தலாம். மாத்திடுங்க.

நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். சொன்னா உங்ககிட்டயும் பேசாது.

இல்ல. சொல்லிடுங்க. மொதல்லயே சொல்லிடுங்க.